‘அட்டகாசம்’: எங்கே எழுதலாம், எங்கே வேண்டாம்

கோவையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. வால்பாறை, கூடலூர், மேட்டுப்பாளையம், தாளவாடி என்று மலையோர ஊர்களிலிருந்து மாலைக்குள் செய்திகள் வந்து குவியும். அவற்றில் ஓயாமல் வருகிற ஒரு சொல் ‘அட்டகாசம்’. யானை அட்டகாசம், குரங்குகள் அட்டகாசம், தெருநாய்கள் அட்டகாசம், ரவுடிகள் அட்டகாசம், மணல் கடத்தல் கும்பல் அட்டகாசம். ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்கிவிடும், படிக்கிறவர் கண்ணையும் இழுக்கும். அதே நாள் கடைசிப் பக்கத்தில் ‘அட்டகாசமான தள்ளுபடி’ என்று ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இந்தச் சொல்லை எப்படிக் கையாள்வது என்று நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். செய்தித்தாளில் வேலை பார்க்காதவர்களும் தமிழில் எழுதுகிறவர்கள் என்றால் இது உதவும்.

முதலில் சொல் எந்த வடிவத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ‘அட்டகாசமான’, ‘அட்டகாசமாக’ என்று வந்தால் பெரும்பாலும் பாராட்டு. அட்டகாசமான சாப்பாடு, அட்டகாசமாக ஆடினாள். ‘அட்டகாசம் செய்கிறான்’, ‘அட்டகாசத்தில் ஈடுபட்டனர்’, ‘இவன் அட்டகாசம் தாங்க முடியவில்லை’ என்று பெயர்ச்சொல்லாக நின்றால் குற்றச்சாட்டு. பன்மையாகிவிட்டால் சந்தேகமே இல்லை. ‘அவர்களுடைய அட்டகாசங்கள்’ என்று ஆரம்பித்து யாரையும் புகழ முடியாது. ஆனால் தனியாக, ஆச்சரியக்குறியோடு நின்றால் மறுபடியும் பாராட்டுதான். பந்தியில் முதல் வாய் வைத்ததும் ‘அட்டகாசம்!’ என்று சொல்லும் பெரியப்பாவை எல்லோருக்கும் தெரியும்.

குழப்பம் வருகிற இடம் ‘பண்ணிவிட்டான்’. ‘அட்டகாசம் பண்ணுகிறான்’ என்றால் திட்டு. கச்சேரி கேட்டுவிட்டு வெளியே வருகிறவர் ‘தவில்காரர் இன்னைக்கு அட்டகாசம் பண்ணிட்டாருங்க’ என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ‘நேத்து ராத்திரி குடிச்சுட்டு வந்து ஒரே அட்டகாசம் பண்ணிட்டான்’ என்பதும் அதே வடிவம்தான். பேச்சில் குரலும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அந்த வசதி இல்லை. அதனால் ‘பண்ணிவிட்டார்’ என்று எழுதினால், அதே வாக்கியத்திலேயே கைதட்டலோ காயமோ ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். வாசகர் அடுத்த வாக்கியம் வரை காத்திருக்கும்படி விடாதீர்கள்.

‘அட்டகாசமாகச் சிரித்தான்’ என்பது இந்த இரண்டிலும் சேராது. சிரி என்ற வினையோடு வரும்போது மட்டும் சொல்லின் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. வடமொழியில் ‘அட்டஹாசம்’ என்றால் ஓங்கிய சிரிப்பு. ஹாசம் என்பது சிரிப்பு. சிவன் அம்பு விடாமல் சிரிப்பாலேயே முப்புரங்களை எரித்தார் என்ற கதை பண்ருட்டி பக்கத்துத் திருவதிகைக் கோயிலுக்கு உரியது, அப்படிப்பட்ட சிரிப்பு. அந்தக் கோயில் அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. அங்கே ‘அட்ட’ என்பது எட்டு, இது வேறு சொல். ஒரு முறை கட்டுரை ஒன்றில் இரண்டையும் முடிச்சுப் போட்டு வந்திருந்தது, அதனால்தான் சொல்கிறேன். தெருக்கூத்தில் இரணியனோ துரியோதனனோ திரையை விலக்கிக்கொண்டு வரும்போது சிரிக்கிற சிரிப்பும், பி.எஸ். வீரப்பா வெள்ளித்திரையில் சிரித்த சிரிப்பும் இந்த வகை. ஊர் காதில் விழ வேண்டும் என்றே சிரிப்பது. தன்னை யாரும் தட்டிக் கேட்க முடியாது என்று நினைக்கிறவனின் சிரிப்பு.

என் கணிப்பில், சிரிப்பு மறைந்து போனாலும் அந்த இரண்டு குணமும் சொல்லில் தங்கிவிட்டன: சத்தம், அடுத்தவரை மதிக்காத துணிச்சல். இன்றைக்கும் அட்டகாசம் என்று எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு இந்த இரண்டும் போதும். குடியிருப்புத் தெருவில் சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் பைக் ரேஸ் விடுகிறார்கள், தட்டிக் கேட்டவரை அடிக்க வருகிறார்கள். சத்தம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. தாராளமாக அட்டகாசம் என்று எழுதுங்கள். அதே தெருவில் யாரும் இல்லாத வீட்டில் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போனால் அது திருட்டு. ‘திருடர்கள் அட்டகாசம்’ என்று வரும் தலைப்பை நான் மாற்றாமல் விடுவதில்லை. சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து வேலை செய்கிறவன் எப்படி அட்டகாசம் செய்வான்? ராத்திரியில் ஆற்றில் மணல் அள்ளுவதும் அப்படித்தான். அள்ளினால் கடத்தல். தடுக்க வந்த வி.ஏ.ஓ. மீது லாரியை ஏற்றப் பார்த்தால் கொலை முயற்சி. இரண்டுக்கும் நடுவில், பகலிலேயே ஊரார் முன்னால் அள்ளிக்கொண்டு ‘முடிஞ்சதப் பாத்துக்கோ’ என்று சவால் விட்டால், அதுதான் அட்டகாசம்.

இனி, இந்தச் சொல்லின் அக்கம்பக்கத்தவர்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் செய்தியின் நிறமே மாறும். ‘ரகளை’ ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் நடந்து முடிவது: கல்யாண மண்டபத்தில் ரகளை, பஸ்ஸில் ரகளை. அட்டகாசம் தொடர்ந்து நடப்பதையும் குறிக்கும், ரகளை அப்படிக் குறிக்காது. ‘மூன்று மாதமாக ரகளை’ என்று எழுதிப் பாருங்கள், காதே ஏற்காது. ‘கலாட்டா’வில் விளையாட்டு கலந்திருக்கிறது, நண்பர்கள் மாப்பிள்ளையைச் சீண்டுவதும் கலாட்டாதான், அதனால் ரத்தம் வந்த இடத்தில் அது வேண்டாம். ‘அமளி’ அவைக்கு உரியது, சட்டசபையில், மாமன்றத்தில். நாலு பேராவது சேர்ந்து கத்த வேண்டும், ஒருவர் மட்டும் அமளி செய்ய முடியாது. ‘அட்டூழியம்’ இவற்றிலேயே கனமானது. அதில் கொடுமை இருக்கிறது, பாதிக்கப்பட்டவர் இருக்கிறார், அதற்குப் பாராட்டுப் பொருள் எந்தக் காலத்திலும் வரவில்லை. ‘அழிச்சாட்டியம்’ பிடிவாதத்தோடு சேர்ந்தது. வாடகைக்கு வந்தவர் காலி செய்யவும் மாட்டார், வாடகையும் தர மாட்டார், கேட்டால் சண்டைக்கு வருவார் என்றால் அது அழிச்சாட்டியம். ‘அலப்பறை’யும் ‘ரவுசு’ம் தன்னைக் காட்டிக்கொள்வதற்காகச் செய்வது, பெரிய தீங்கில்லை. செய்தியில் இவற்றை எழுத வேண்டாம். கதையில், பேட்டியில் எழுதினால் அந்த இடத்துக்கு உயிர் வரும்.

குழந்தைகள் விஷயத்தில் நம்மிடம் எவ்வளவு சொல் இருக்கிறது! குறும்பு, சேட்டை, லூட்டி, வாலுத்தனம். இலங்கைத் தமிழர் ‘குழப்படி’ என்பார்கள்; ‘சரியான குழப்படிக்காரன்’ என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி சொன்னால் பேரன்மேல் ஆசை பொங்குகிறது என்று அர்த்தம். ஒரு பிள்ளை தனியாகச் செய்வது சேட்டை. சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து லீவில் வீட்டைத் தலைகீழாக்குவது லூட்டி. இங்கெல்லாம் அட்டகாசமும் வரும், ‘என்ன அட்டகாசம்டா இது?’ என்று அம்மா கத்துவார், பாதிச் சிரிப்போடு. வீட்டுக்குள் அது செல்லமான சொல். அதே பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தில் ‘வகுப்பில் அட்டகாசம் செய்கிறான்’ என்று இருந்தால் அது சுடும். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: என்ன செய்தான் என்று எழுதுங்கள். எழுந்து நடக்கிறானா, பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறானா, பாடம் கேட்காமல் பேசுகிறானா? இந்த மூன்றுக்கும் வீட்டில் செய்ய வேண்டியது வேறு வேறு. அட்டகாசம் என்ற சொல்லைப் படித்துவிட்டுப் பெற்றோர் செய்யக்கூடியது அடிப்பது ஒன்றுதான்.

‘குறும்பு’ என்ற சொல்லின் கதையையும் சொல்லிவிடுகிறேன். திருக்குறளில் நாடு என்ற அதிகாரத்தில், ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு’ என்று வருகிறது, 735-ஆவது குறள். அங்கே குறும்பு அரசனையே அலைக்கழிக்கிற, கொலைக்கு அஞ்சாத கூட்டம். இன்றைக்கு அது கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் குழந்தையிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அட்டகாசமும் அந்த வழியில் பாதி தூரம் வந்துவிட்டது. ஜவுளிக்கடை விளம்பரம் அதற்கு சாட்சி. இன்னும் வந்து சேரவில்லை என்பதற்கு மாவட்டப் பக்கம் சாட்சி. அதனால்தான் எழுதுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது யானை. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாழைத்தோட்டத்துக்குள் யானைக் கூட்டம் வந்துபோனால் ‘காட்டு யானைகள் அட்டகாசம்’ என்று எழுதுகிறோம். நான் சொன்ன இரண்டு குணத்தையும் வைத்துப் பாருங்கள். சத்தம் இருக்கலாம். அடுத்தவரை மதிக்காத துணிச்சல்? யானைக்கு அது யாருடைய தோட்டம் என்று தெரியாது. பசிக்கிறது, வாசம் வருகிறது, தாயும் பாட்டியும் நடந்த வழி அது. அட்டகாசம் என்று எழுதும்போது யானை வேண்டுமென்றே திமிரெடுத்துச் செய்ததாக நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ‘பிடிக்க வேண்டும், அடைக்க வேண்டும்’ என்ற பேச்சுக்கு அந்தத் தலைப்பு வழிவிடுகிறது.

மக்கள் அப்படி நினைப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தடாகம் பகுதியில் திரிந்த கொம்பனுக்கு அவர்கள் வைத்த பெயர் சின்னத்தம்பி. 2019 ஜனவரியில் வனத்துறை அதைப் பிடித்து டாப்சிலிப் பக்கம் விட்டது. அது மலையிறங்கி உடுமலை அருகே கரும்புக் காட்டில் வந்து நின்றது. பயிர் போனது உண்மை. ஆனாலும் சின்னத்தம்பியைக் கும்கியாக மாற்றக் கூடாது என்று குரல் கொடுத்தவர்கள் ஏராளம். பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்திகளையெல்லாம் திருத்தும்போது பார்த்தேன்: தலைப்பில் ‘அட்டகாசம்’ இருக்கும், உள்ளே ஊர்க்காரர் பேச்சில் ‘பாவம்ங்க அது’ என்று இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள் வந்தது. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. இடுக்கி சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். கம்பத்தில் தெருவெல்லாம் ஓடியது, 144 தடை உத்தரவு போட்டார்கள், அன்று காயமடைந்த ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5-ஆம் தேதி பிடித்து, களக்காடு முண்டந்துறை காட்டுப் பகுதியில் விட்டார்கள். ஒருவர் உயிரே போன இடத்தில் ‘அட்டகாசம்’ என்ற சொல் எவ்வளவு இலேசாகிவிடுகிறது பாருங்கள். இறந்தவர் வீட்டில் மறுநாள் காலை அந்தப் பத்திரிகையைப் பிரிப்பார்கள். பயிர் மட்டும் போன இடத்தில் யானைக்கு இது அநியாயம், உயிர் போன இடத்தில் மனிதருக்கு அநியாயம். ஆகவே யானைச் செய்தியில் இந்தச் சொல்லுக்கு எந்த இடமும் இல்லை என்பது என் முடிவு.

அப்புறம் எப்படி எழுதுவது? நடந்ததை எழுதுங்கள். ‘தொண்டாமுத்தூர் அருகே யானைகள் புகுந்து 200 வாழைகள் சேதம்’ என்ற மாதிரி. இடம், எண்ணிக்கை, பயிர். விவசாயிக்கும் இதுதான் நல்லது. அவர் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கும்போது எத்தனை மரம், குலை தள்ளியதா இல்லையா என்பதுதான் பேசும். அட்டகாசம் என்ற சொல்லுக்கு யாரும் பணம் தருவதில்லை. நிருபர் தோட்டத்துக்குப் போய் அதை எண்ணி எழுதிவிட்டால், தலைப்புக்கு வேறு காரம் தேவைப்படாது.

கூடவே ஒன்று. கோபமாக இருக்கிற யானையையெல்லாம் ‘மதம் பிடித்த யானை’ என்று எழுதாதீர்கள். மதம் என்பது வளர்ந்த ஆண் யானைக்கு வருகிற உடல் நிலை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் சுரப்பியிலிருந்து மதநீர் வழியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், வாரக்கணக்கில் நீடிக்கும். குட்டியைக் காப்பாற்றத் துரத்திய பெண் யானைக்கு மதம் பிடித்ததாக எழுதினால் மலையோரத்துச் சிறுபிள்ளைகூடச் சிரிக்கும். தந்தம் இல்லாத ஆணுக்கு மக்னா என்று பெயர். தந்தம் இல்லை என்பதற்காக அதைப் பெண் யானை ஆக்கிவிடாதீர்கள்.

குரங்குகளுக்கு ‘சேட்டை’ போதும். கடித்திருந்தால் ‘கடித்தது’. தெருநாய்க்கும் அப்படியே.

மனிதர்களிடம் வருவோம். நான் கண்டிப்பாக அடித்துவிடும் தலைப்பு ஒன்று உண்டு: ‘பஸ் ஸ்டாண்டில் ரோமியோக்கள் அட்டகாசம்’. ரோமியோ என்று காதலன் பெயரைக் கொடுத்து, அட்டகாசம் என்று பாதிப் பாராட்டையும் கொடுத்தால், அந்தப் பையன்கள் தலைப்பைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்வார்கள். அந்த நிறுத்தத்தில் தினமும் நிற்க வேண்டிய மாணவிக்கு என்ன கிடைத்தது? சட்டமே இங்கே தன் சொல்லை மாற்றிக்கொண்டிருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு 1998-ல் தமிழ்நாட்டில் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் வந்தது. 2002-ல் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். கேலி என்பது போய் துன்புறுத்தல் என்று ஆனது. நாமும் அப்படியே எழுதலாம்: ‘மாணவிகளுக்குத் தொல்லை: மூவர் கைது’. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களைக் ‘குடிமகன்கள் அட்டகாசம்’ என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். குடிமகன் என்பது ஓட்டுப் போடுகிற நம் எல்லோருக்கும் உரிய பெயர்.

சரி, பாராட்டாக எங்கே எழுதலாம்? மனம் விட்டு எழுதுங்கள், ஆனால் அதிலும் அந்தப் பழைய சத்தம் கொஞ்சம் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். காரம் தூக்கலான பள்ளிபாளையம் சிக்கன் அட்டகாசம். கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸர் அட்டகாசம். தனி ஆவர்த்தனத்தில் தவில் அட்டகாசம். ஆனால் மெதுவாக விரியும் வீணை ஆலாபனையை அட்டகாசம் என்றால் ஏதோ உறுத்துகிறது. அதற்கு ‘அற்புதம்’ இருக்கிறது, ‘அருமை’ இருக்கிறது. நல்ல தாலாட்டும் நல்ல தயிர்சாதமும் அருமை. பெரியவர்களைப் பாராட்டும்போது ‘அட்டகாசமா பேசுனீங்கய்யா’ என்று ‘ஆக’ சேர்த்தே சொல்லுங்கள். ‘அட்டகாசம் பண்றீங்க’ என்றால் சிலர் முகம் சுருங்கும்.

எழுத்து விஷயம் கொஞ்சம். ‘அட்டஹாசம்’ என்று ஹ போட வேண்டியதில்லை. க போட்டு எழுதுவதே வழக்கம். ‘அட்டகாசமாக’ என்பதற்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: அட்டகாசமாகச் சிரித்தான், அட்டகாசமாகப் பாடினார். ‘அட்டகாசமான’ என்பதற்குப் பின் மிகாது: அட்டகாசமான சாப்பாடு, அட்டகாசமான பாட்டு. ‘அட்டகாசச் சிரிப்பு’ என்று தொகையாக எழுதினால் ச் வேண்டும். சந்தேகம் வந்தால், பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியைப் பாருங்கள், இன்றைய வழக்குக்கு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யைப் பாருங்கள். 1992-ல் முதல் பதிப்பு வந்தது, புதிய பதிப்பு கிடைத்தால் அதை வாங்குங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘ஒற்றைப் பத்தித் தலைப்பில் வேறு சொல் அடங்காதே அக்கா’ என்று யாராவது கேட்பார்கள். எண்ணிப் பார்த்துவிடலாம். அட்டகாசம் ஆறு எழுத்து. தொல்லை மூன்று, சேதம் மூன்று, ரகளை மூன்று, மிரட்டல் ஐந்து. எல்லாமே அடங்கும்.